உல்கானின் ஈசிஜி

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய் அவரவர் வேலையைப் பார்க்கலாம். நாரின் ஊர் மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக ஈசிஜி எடுப்பவள் நான். பயந்த சுபாவமும் எனக்குக் கிடையாது.

டிசம்பரில் உல்கான் வந்தாள். பஜாரில் கம்பளிக் காலுறை விற்பவள். விடாத இருமல். ஏற்கெனவே இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதால், ஈசிஜி பார்த்த பிறகுதான் ஆன்டிபயாடிக் தருவேன் என்று டாக்டர் எசென் அவளை என்னிடம் அனுப்பியிருந்தார். சில ஆன்டிபயாடிக்குகள் அப்படிப்பட்ட இதயத்தின் தாளத்தையே குலைத்துவிடும். எனக்கும் தெரியும். தெரிந்தும் செய்தேன், பாவி. அன்று என் தம்பி வீட்டில் கல்யாண விருந்து. வாசலிலோ பதினெட்டுப் பேர். என் இதயம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும். அதனால் என்னுடைய ஈசிஜி தாள்கள் சிலவற்றை அவசரத்துக்கென்று மேசையில் போட்டு வைத்திருப்பேன். அதில் ஒன்றின் மேல் அவள் பெயரை எழுதி நீட்டினேன்.

"என்னப் படுக்க வச்சு எடுக்கவே இல்லையே அக்கா?"

"உன்னப் பாத்தாலே தெரியுது. குதிரை மாதிரி இருக்க. போ."

அந்தத் தாளை நம்பி டாக்டர் தந்தது, ஒரு நாளைக்கு ஒன்றாக மூன்று மாத்திரை. மூன்றாம் நாள் மாலை 4:10க்குக் கடையிலேயே சரிந்தாள்.

அவள் செத்த நாற்பதாம் நாள், எங்கள் ஊர் வழக்கப்படி அவள் வீட்டில் குதிரை அறுத்து ஊருக்கே சோறு போட்டார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்? எனக்கும் இருமல். முந்தின நாள் ஒன்று, அன்று காலை ஒன்று என்று அதே மாத்திரையை விழுங்கியிருந்தேன். மணி 4:02. கடைசி ஆளும் போய்விட்டார். இயந்திரத்தின் மின்வயரைப் பிடுங்கினேன்.

டிக்... டிக்... டிக்...

தாள் ஓடியது.

திரைக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு பெண் படுத்திருந்தாள். வெற்று முதுகு. மூச்சுக்கு அது அசையவில்லை.

"நேரமாச்சு... நாளைக்கு வா."

"இன்னிக்குத்தான் உங்க தம்பி வீட்ல விருந்து இல்லையே அக்கா."

சில்லென்று ஏதோ என் மணிக்கட்டைக் கவ்வியது. ஈசிஜி கிளிப். அடுத்த கை... கணுக்கால்...

"உங்க இதயத்த எனக்கு எழுதிக் குடுத்தீங்கல்ல? என்னோடத நீங்க வச்சுக்குங்க."

டிக்...... டிக்............

4:10.

கண் விழித்தபோது டாக்டர் எசென் எனக்கு ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தவர் முகம் வெளுத்தது. ஓடிப்போய் உல்கானுக்கு முன்பொருமுறை உண்மையாகவே எடுத்த பழைய ஈசிஜியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

கோட்டுக்குக் கோடு ஒன்று.

"இந்த இதயத்துக்கு அந்த மாத்திரை ஆகவே ஆகாது அக்கா. எத்தன போட்டீங்க?"

"ரெண்டு. மூணாவது கைப்பையில இருக்கு."

அவர் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தார். மூன்று குழியும் காலி.

அப்போதுதான் என் தொண்டையில் அந்த மாத்திரையின் கசப்பு ஏறியது.