போடிமெட்டுப் பனிக்குள் நான்கு விளக்கும் மின்ன

ராசிங்காபுரத்துக்காரனான எனக்கு ஓட்டத் தெரிந்ததெல்லாம் நேர்ரோடுதான். ஜூன் மாதம் மனைவிக்குப் பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டப் பள்ளியில் வேலை கிடைத்து, நான்கு வயது மகளோடு மலைக்கு மேலே போய்விட்டாள். "மழை முடியிற வரைக்கும் காரை எடுத்துக்கிட்டு வராதீக. நீங்க வண்டி ஓட்டுற லட்சணம் எனக்குத் தெரியும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மகளைப் பார்க்காமல் அத்தனை மாதம் என்னால் முடியாது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கிளம்பினேன். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வாராவாரம் போகலாம். சொதப்பினால் அதோடு சரி.

போடியில் காலை ஏழரைக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. அங்கிருந்து போடிமெட்டு 26 கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்; பூப்பாறை அதற்கும் அப்பால். அடிவாரத்து முந்தல் தாண்டிப் பாதி மலை வரை வெறும் காற்றுதான். அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டது போல மூடுபனி.

இங்கேதான் என் புத்திசாலித்தனம். எல்லோருக்கும் தெரியட்டும் என்று நான்கு இண்டிகேட்டரையும் மின்ன விட்டேன். பின்னால் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப். மலைரோட்டில் முன்னால் போகிற வண்டி இடது இண்டிகேட்டர் போட்டால், 'வழி விடுகிறேன், முந்திக்கொள்' என்று அர்த்தம். வலப்பக்க வளைவில் நான் திரும்பியபோது என் இடப்பக்க விளக்கு மட்டும் ஜீப்காரர் கண்ணில் பட, முந்த ஏறி வந்துவிட்டார். எதிரே பஸ். மூன்று வண்டியும் பிரேக் அடித்து நின்றபோது ஜீப்புக்கும் பஸ்சுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

ஜீப்காரர் இறங்கி வந்தார். "ஏண்ணே, வழியும் விட்டுட்டு நடுரோட்டுலயே போறீக?"

"நான் எங்கண்ணே வழி விட்டேன்? பனிக்காக நாலு லைட்டையும் போட்டேன்."

ஜீப்பிலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தார். "சண்டைய மேல போய்ப் போடுங்கப்பு. தோட்டத்துல சோலி கெடக்கு, வெரசா எடுங்க!"

உள்ளே ஒரே சிரிப்பு. ஜீப்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வளைவுல நானும் முந்தியிருக்கக் கூடாதுதாண்ணே. நீங்க அந்த நாலையும் அமத்துங்க."

அமர்த்தினேன். முகப்பு விளக்கைத் தாழ்த்தினேன். காரில் ஓடிய பாட்டை நிறுத்தி, எதிர் ஹாரன் கேட்கும்படி கண்ணாடியை இறக்கி, இரண்டாவது கியரிலேயே ஏறினேன். சாரல் முகத்தில் அடித்தது. பயம் மெல்ல விட்டுப்போய், இந்த ரோடு நமக்கும் வசப்படும் என்று தோன்றியது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் போடி வெயிலை நம்பாதீர்கள். வைப்பர் ரப்பரையும் டயரையும் கீழேயே பார்த்துவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போதும் அதே சின்ன கியர்தான். நான்கு விளக்கு, வண்டி நின்றுபோனால் மட்டும்.

பூப்பாறை சேர்ந்ததும் மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். மனைவியிடம் மறைக்க மனம் வரவில்லை; அந்த ஒரு முழம் வரை சொன்னேன். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அடுத்த சனிக்கிழமை வர்றப்ப பாப்பா ஸ்வெட்டரக் கொண்டாங்க" என்றாள்.