ராஜ லீலாவதியும் அம்மாவின் கையும்

ஓர் இலங்கை ராணியின் பெயரை முதன்முதலில் எனக்குக் காட்டித் தந்தவள் என் அம்மா. அவளுக்கு எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. இன்று பழங்காசுகளை வாசிப்பதே எனக்கு வேலை. அந்த வேலையும் சோறும் அவள் கை போட்டது என்று சொன்னால், உடன் வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அப்போது ஆறாம் வகுப்பு. ஆமத்தூர்க் கண்மாயில் அள்ளி எங்கள் புஞ்சையில் கொட்டிய வண்டலில் ஒரு செப்புக்காசு கிடைத்தது. பள்ளிக் கண்காட்சியில் வைக்கக் கொண்டுபோனேன். ஒரு பக்கம் குச்சிக் கை காலோடு ஓர் உருவம், மறுபக்கம் ஒரே கறுப்பு.

"எழுத்துத் தெரியலயே புள்ள. என்ன காசுன்னு தெரியாம எப்பிடி வைக்கிறது? நாளைக்குள்ள தேய்ச்சுப் பாரு" என்றார் வரலாற்று டீச்சர்.

சாயங்காலம் முழுக்கப் புளி போட்டுத் தேய்த்தேன். என் விரல்தான் வெளுத்தது.

ஆறு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து அம்மா இறங்கினாள். மத்தாப்பில் சேர்க்கும் அலுமினியப் பவுடர் அவள் கைரேகையெல்லாம் ஏறியிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. காசுக்குக் கை நீட்டினாள். "தொடாதம்மா, ஒன் கை அழுக்கு!" என்று கத்தினேன்.

"அம்புட்டுத் தங்கமாக்கும்! காட்டு பாப்போம்" என்று பிடுங்கி, பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். காசெல்லாம் வெள்ளிப் பூச்சு. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அதை முந்தானையில் ஒற்றித் துடைத்து, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் டீச்சர் காசை ஜன்னலோரம் திருப்பினார். பவுடர் பள்ளங்களில் தங்கிவிட, எழுத்து மட்டும் கறுப்பாக எழுந்து நின்றது. இந்திப் பரீட்சை எழுதியவர் அவர். இந்தி போலவே இருந்த அந்த நாகரி எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தார்: "ஸ்ரீ ராஜ லீலாவதி."

புத்தகத்தில் தேடியும் சொன்னார். மூன்று முறை அரியணை ஏறி, மூன்று முறையும் இறக்கப்பட்டவளாம். அப்படியும் ராணி என்று போடாமல், ராஜ என்றே காசில் பொறித்துக்கொண்டவள்.

"யாரு புள்ள இம்புட்டு அழகாத் துலக்குனது?"

"நான்தான் டீச்சர்." கொஞ்சமும் கூசவில்லை எனக்கு.

கண்காட்சிக்கு அம்மா அரைநாள் லீவு போட்டு வந்தாள். டீச்சர் காசை எடுத்து அவளிடம் நீட்டினார். "கையில வாங்கிப் பாருங்கக்கா."

"இருக்கட்டும் டீச்சர். இங்கனருந்தே தெரியுது." இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். இவளுக்கு மட்டும் எப்படிக் குளிர்கிறது என்று நினைத்துக்கொண்டே, அடுத்த ஆளுக்கு என் காசைக் காட்டப் போய்விட்டேன்.