புதன்கிழமை ஏதென்ஸ்

மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் தமிழ் முதியோர் சங்கம் புதன்தோறும் கூடும். தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம் உரை. பல வருடங்களாக அந்த ஒரு மணி நேரம் என்னுடையதாக இருந்தது. நான் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, ரோம நாகரிகம் படித்தவன். பிறகு யாழ்ப்பாண மாவட்ட அரசாங்கக் கச்சேரியிலும், இங்கே வந்து ஓர் அரசாங்க அலுவலகத்திலும் ஓய்வு பெறும் வரை கோப்புகளோடு வாழ்ந்தவன். ஆகவே ரோமாபுரியில் எந்த அதிகாரிக்கு மேல் எந்த அதிகாரி, எவருடைய கட்டளையை எவர் தடுக்கலாம், பூசையில் ஒரு சொல் பிசகினால் எங்கிருந்து திரும்பத் தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் வரிசை தவறாமல் சொல்லுவேன். சபை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த அமைதியில் பாதி உறக்கம் என்று எனக்குத் தெரியாமலில்லை. உறங்குகிறவர்களும் வருகைப் பதிவில் வருகிறவர்கள்தான்.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஓய்வு பெற்ற பல் வைத்தியர் ஒருவர் வந்து சேர்ந்தார். இங்கே பக்கத்தில், பக்குரங்காவில் மகள் வீட்டில் இருக்கிறார். எனக்குத் தடிமன் பிடித்த ஒரு புதன்கிழமை, சும்மா நேரத்தைப் போக்கும்படி அவரிடம் கேட்டிருக்கிறார்கள். தடிமனோடு நானும் போயிருந்தேன். மனிதர் என்னுடைய கிரேக்கத்தையே எடுத்துக்கொண்டார்.

"சாமிக்குன்னு மாட்ட வெட்டுவாங்களாங்க. எலும்பும் கொழுப்பும் நெருப்புக்கு. புகை மட்டும் மேல போவும், அதுதான் சாமிக்கு. கறி பூரா ஊருக்கு! எங்க பக்கத்துக் கெடா வெட்டு தோத்துருமுங்க!"

மண்டபம் குலுங்கியது. இதே செய்தியை, பலிபீடத்தின் அமைப்போடும் பங்கு பிரிக்கும் ஒழுங்கோடும் நான் முன்பே சொல்லியிருக்கிறேன். அன்று ஒருவரும் பல்லைக் காட்டவில்லை. தேநீருக்குப் பொறுப்பாக இருக்கும் மன்னார் அம்மா அவருடைய தட்டில் இரண்டு ரோல்ஸ் வைத்தார். நான் அறிந்த வரையில் பேச்சாளருக்கு ஒன்றுதான் வழக்கம்.

அடுத்த மாதமே தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். "சேர், நீங்களும் எவ்வளவு காலம்தான் கஷ்டப்படுறது? இனிக் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கோவன்."

இந்த வசனத்தை என் சேவைக்காலத்தில் நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

இனி உரை யாருடையது என்று அடுத்த கூட்டத்தில் கை உயர்த்தித் தீர்மானிப்பதாக ஏற்பாடு. படுக்கையில் கிடந்தபடி கைகளை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். என் பக்கத்தில் என்னுடைய கைகூட நிச்சயமாகத் தெரியவில்லை. எனவே கூட்டத்தில் எழுந்து ஒரு பிரேரணை கொண்டுவந்தேன். உரை ஏதென்ஸைப் பற்றியது. பேச்சாளரும் ஏதென்ஸ் முறைப்படியே தெரிவு செய்யப்பட வேண்டும். அங்கே பெரும்பாலான பதவிகளுக்குத் திருவுளச்சீட்டுத்தான். கை உயர்த்திப் பிடிக்கும் பதவி செல்வாக்குள்ளவனுக்கே போய்ச் சேரும், சீட்டுத்தான் உண்மையான மக்களாட்சி என்று அவர்கள் எண்ணினார்கள் என்று விளக்கினேன். படைத்தளபதிகளை மட்டும் கை உயர்த்தியே தெரிந்தெடுத்தார்கள் என்பதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பல் வைத்தியர் கதிரையிலிருந்து துள்ளினார். "அட, குடவோலைங்க! சோழர் காலத்துல நம்ம ஆளுங்க பண்ணுனதுதானுங்களே! சார் அருமையான யோசனை சொல்றாரு!"

கைதட்டல். பிரேரணை நிறைவேறியது, அவருடையதாக.

சோற்றுக் குக்கரின் உள்பாத்திரத்தில் இரண்டு சீட்டுகளைப் போட்டோம். மன்னார் அம்மா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார். பல் வைத்தியருடைய பெயர். "ஆண்டவற்ற சித்தம்," என்றார் அம்மா. ஏதென்ஸ்காரரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சீட்டைத் தெய்வம்தான் எடுக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. எந்தத் தெய்வமும் இந்த விடயத்தில் என்னைக் கலந்தாலோசிக்கவில்லை.

ஆனால் எனக்கு நடைமுறை தெரியும். சீட்டு விழுந்தவர் உடனே பதவியில் அமர முடியாது. முதலில் தகுதி விசாரணை. பெற்றோர் யார், வீட்டுத் தெய்வம் எங்கே, குடும்பக் கல்லறை எங்கே, பெற்றோரை நன்றாக நடத்துகிறாயா, வரி கட்டுகிறாயா, போருக்குப் போனாயா என்று கேட்பார்கள். பிறகு சபையில் யாரும் ஆட்சேபிக்கலாம். இதைச் சொல்லி நானே விசாரிக்க எழுந்து நின்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பிள்ளைபோல் முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"வீட்டுத் தெய்வம் எங்கே, டொக்டர்?"

"மக வீட்டுல சுடுதண்ணி சிலிண்டர் வச்சிருக்குற அலமாரிக்குள்ளயிங்க. முருகனுக்குக் குளிரே தெரியாது. வெளக்கேத்துனா ஸ்மோக் அலாரம்தான் மணியடிக்கும்."

"தாய் தகப்பனை நல்லா நடத்தினீங்களோ?"

"இப்ப நானே மக கையில இருக்கேனுங்க. அவளத்தான் விசாரிக்கோணும்."

"போருக்குப் போனதுண்டோ?"

"ரெண்டு பேரனுங்கள தினமும் பள்ளிக்கூடம் கெளப்புறேன். அது எந்தக் கணக்குல வருமுங்க?"

ஒவ்வொரு பதிலுக்கும் சிரிப்பு. கேள்வியை எடுத்துக் கொடுப்பவன் நான், சிரிப்பு அவருக்கு. இருந்தாலும் கல்லறைக் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஏதென்ஸில் அது நடுவில் வரும். வரிசை மாற்றுவது என் வழக்கமல்ல. ஆனால் எரிக்கிற வழக்கமுள்ள குடும்பத்துக்கு அதற்கு விடை இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

"உங்கட குடும்பக் கல்லறை எங்க இருக்கு?"

"எங்கள்ல எரிக்கிறதுதானுங்க."

"அப்ப, இல்லை?"

"இல்லீங்க."

"அப்படியெண்டால் ஏதென்ஸ் சட்டப்படி இவர்..."

"ஒரு நிமிசமுங்க சார்." கட்டியிருந்த கையை அவர் இறக்கினார். "என் வீட்டுக்காரி இங்க வந்துதான் தவறுனா. என்ற ரூம்புலதான் சாம்பல் இருக்குது, அலமாரி மேல. ஊர்ல பவானி கூடுதுறைல கரைக்கக் கொண்டுபோலாம்னு மக சொல்றா. போனா நானும் அங்கயே இருந்துக்குவேன்னு அவளுக்குப் பயம், அனுப்பவும் மாட்டேங்குறா. இங்க கடல்ல கரைக்கலாம்னா, இந்த மண்ணோட பூர்வீகக்காரங்க, மாவோரிக்காரங்க, சாப்பாட்டுக்கு மீன் புடிக்கிற தண்ணிங்க அது, அவுங்க மனசு சங்கடப்படும்னாங்க. நாயந்தானுங்களே. அதனால அவ அலமாரி மேலயே இருக்கா. காலைல எந்திரிச்சா மொதல்ல அவளத்தான் பாக்குறேன். அந்த அட்ரஸு செல்லும்னா எழுதிக்குங்க. பக்குரங்கா."

சோற்றுக் குக்கரின் மூடியை யாரோ மெதுவாக மேசையில் வைத்தார்கள்.

மன்னார் அம்மாதான் பேசினார். "என்ன சேர் யோசிக்கிறியள்? ஆள் எங்க இருக்கிறா எண்டு தெரியுதுதானே. பேந்தென்ன விசாரணை?"

அவரை ஏற்றுக்கொண்டு கைகள் உயர்ந்தன. கை உயர்த்துவதில்லை என்று சிறிது நேரத்துக்கு முன்தான் தீர்மானித்திருந்தோம். சுட்டிக்காட்டத் தோன்றியது, தலைவரும் கையைத் தூக்கியிருப்பதைக் கண்டு விட்டுவிட்டேன். எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தோளைத் தட்டினார், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

எனக்குக் கல்லறைகள் இருக்கின்றன. தாய் தகப்பனுக்கு யாழ்ப்பாணத்தில், எங்கள் கிறிஸ்தவக் கோவிலுக்குப் பின்னால், சீமெந்து பூசியது. என் மனைவிக்கு இங்கே, நகரின் மேற்கே, புல்தரையில் கறுப்புக் கல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏவன்டேல் சந்தையில் பூ வாங்கிக்கொண்டு அங்கே போவேன். அந்த விசாரணையின் ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் பிசகில்லாத விடை இருந்தது. ஏதென்ஸின் எந்தச் சபையும் என்னை நிராகரித்திருக்காது. ஆனால் சீட்டு விழாதவனை எவரும் விசாரிப்பதில்லை. அதுவும் நடைமுறைதான். என்னுடைய ஒரு மணி நேரம் அவருக்குப் போனதில் எனக்கு எரிச்சல். அவருடைய துக்கத்துக்கு அத்தனை பேர் கிடைத்ததில் அதைவிட எரிச்சல். அத்தனை வருடம் அந்த மேடையில் நின்றவன் நான். ரோமரின் இறுதிச் சடங்குகளைப் பற்றி மட்டுமே இரண்டு புதன்கிழமைகள் பேசியிருக்கிறேன். என் மனைவியைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. குறிப்பில் அதற்கு இடமிருக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் அவர் பின்னாலேயே வந்தார். மகள் இன்னும் வந்திருக்கவில்லை.

"சார், அந்தக் கடைசிக் கேள்வி. உங்களுக்கு எங்கீங்க?"

விடை நாக்கு நுனியில் இருந்தது. கல்லின் நிறம் உட்பட.

"கூட்டம் முடிஞ்சுது, டொக்டர்," என்றேன். "இனிச் சொல்லுற பதில் செல்லாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் பகிடி விட்டதாக நினைத்துவிட்டார். அவர் சிரித்து முடிக்கும்வரை கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.