சத்தம் போடத் தெரியாத கோச்

ஸ்ட்ரைக்கருக்குக் கால் இருந்தால் போதும், கோச்சுக்குத் தொண்டை வேண்டும். எனக்கு வாய்த்தது கால் மட்டும்தான். பஸ்ஸில் பெல் அமுக்க மறந்துவிட்டு, "அங்கிள், நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நீங்களும் நானும் ஒரே ஜாதி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கோல்

செகண்டரி இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, நான் படிப்பை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே விளையாடும்போது எண்ணிக்கைக்கு ஒரு ஆள் குறைந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படித்தான் காற்பந்து பழகியது. பதினேழு வயதில் ஒரு பெண்கள் குழுவில் சேர்ந்தேன். முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டுவிட்டேன். எதிர் டீம் கோல் கீப்பர் சின்னப் பெண், கீழே விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு மனசு கேட்கவில்லை. அவளைத் தூக்கிவிட்டு, "சாரி" என்றேன்.

எங்கள் கேப்டன் பிரியா அக்கா பாதித் திடலைத் தாண்டி ஓடி வந்தார். கட்டிப்பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். காதோரம் வந்து சொன்னார்: "சாரி எல்லாம் இப்பவே சொல்லாதே லா, இன்னும் ரெண்டு போட்டுட்டு மொத்தமா சொல்லிக்கலாம்!"

பந்து கேட்பது

திடலில் பந்து வேண்டுமென்றால் கத்திக் கேட்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். எனக்கு வாய் வராது. ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டு கையை மட்டும் தூக்குவேன். பாதி நேரம் யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்துவிட்டால் கோல்தான்.

ஒருநாள் ஜாலான் புசார் பக்கம் ஆட்டம். முதல் பாதி முழுக்கக் கை தூக்கியபடியே நின்றேன், ஒரு பந்துகூட வரவில்லை. இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே பிரியா அக்கா கேட்டார்: "நீ பந்து கேக்கிறியா, இல்ல டாக்சி பிடிக்கிறியா?"

பாப்பா தூங்குகிறாள்

கல்யாணம், பிறகு பாப்பா. ஆட்டம் நின்றது. பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆனபோது பிரியா அக்காவே கூப்பிட்டார். புக்கிட் பாஞ்சாங்கில் பத்து வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகள் குழுவுக்குக் கோச் தேவையாம். "மூணு மாசம் செஞ்சு பாரு. அப்புறம் கிளப் கமிட்டி முடிவு சொல்லும்" என்றார். சரிப்படாவிட்டால் பழைய வேலைக்குத்தான் திரும்ப வேண்டும். கேட்டரிங் கிச்சனில் தலைக்கு வலை போட்டுக்கொண்டு சாப்பாட்டு டிரே அடுக்கும் வேலை. அங்கே இருந்த அத்தனை வருஷமும் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "லைன் த்ரீ" என்பார்கள். இங்கே முதல் நாளே பத்துப் பிள்ளைகள் "கோச்" என்றார்கள். அதை விட்டுப் போக எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் குமாருக்கு ஷிப்யார்டில் வேலை இருக்கும். அதனால் பாப்பாவும் தள்ளுவண்டியில் திடலுக்கு வருவாள், ஒன்பது மணிக்குச் சரியாகத் தூங்கிவிடுவாள். விசில் ஊத முடியாது. பாப்பாவின் மஞ்சள் துண்டை ஆட்டினால் எல்லாரும் நின்று என்னைப் பார்க்க வேண்டும். பந்து வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. அவர்களில் ஷாலினி பெரிய வாயாடி. அவளே ரகசியம் பேசுகிற குரலில் கேட்டாள்: "கோச், பாப்பா எழுந்துட்டா ஃபவுலா?"

ஆமாம், எழுந்தால் எல்லாரும் அப்படியே நின்றுவிட வேண்டும் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன்.

பத்தாவது மாடி

இரண்டாவது மாதம் ஷாலினியின் அப்பா வந்து பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர், ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். நான் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் காதை என் பக்கம் சாய்த்தார். "பக்கத்து கோர்ட்டு கோச் கத்தினா எங்க வீடு பத்தாவது மாடி, அங்க கேக்குது. நீங்க பேசறது பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல சிஸ்டர்!"

பாத்ரூம் பயிற்சி

ஷாலினியின் அப்பா இதைப் பிரியா அக்காவிடமும் சொல்லிவிட்டார். "கடைசி ஆட்டத்தைப் பார்க்கக் கமிட்டியிலிருந்து மணியம் அங்கிள் வர்றார். கொஞ்சம் சத்தம் போடும்மா" என்று அக்கா போனில் கெஞ்சினார். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, "பின்னாலே! பின்னாலே!" என்று கத்திப் பழகினேன். நான்காவது நாள் குமார் கதவைத் தட்டினார்: "சண்டைன்னா என்கிட்ட போடு, பைப்பு என்ன பண்ணிச்சு பாவம்?"

கடைசி ஆட்டம்

தேக்காவுக்குப் பக்கத்துத் திடலில் ஆட்டம். அன்றைக்கும் குமாருக்கு வேலை. பாப்பா வண்டியில் தூங்கினாள். மணியம் அங்கிள் குடையை ஊன்றிக்கொண்டு கோட்டோரமாக நின்றார். எதிர் டீம் கோச்சுக்கு இடி மாதிரி குரல், திடலின் அந்தப் பக்கம் நின்றதால் பாப்பா அசையவில்லை. "லெஃப்ட்டுல போ!" என்று அவர் கத்தினால் அவருடைய பிள்ளைகள் திரும்புவதற்குள் எங்கள் பிள்ளைகள் லெஃப்ட்டில் போய் நிற்பார்கள். அவர்களுக்கும்தானே கேட்கிறது! எங்கள் பக்கம் என்ன நடக்கப் போகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கை எழும்பும், பந்து போகும், அவ்வளவுதான். அப்படித்தான் ஷாலினி ஒரு கோல் போட்டாள். அவர்களும் ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று.

இன்னும் இரண்டு நிமிடம். பந்து எங்கள் மீராவிடம். அவளுக்குப் பின்னால் ஷாலினி தனியாக, கையைத் தூக்கியபடி நிற்கிறாள். மீரா பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. பாத்ரூமில் பழகியது அப்படியே வந்துவிட்டது. "மீரா! பின்னாலே!"

பாப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்து வீல் என்று அழுதாள். திடலில் இருந்த எங்கள் பிள்ளைகள் ஏழு பேரும் இருந்த இடத்திலேயே சிலை மாதிரி நின்றார்கள். கோல் கீப்பர்கூட வண்டியைத்தான் பார்த்தாள். எதிர் டீம் பெண் ஒருத்தி சாவகாசமாகப் பந்தை எடுத்துப் போய் உள்ளே தட்டிவிட்டாள்.

முடிந்தது என்று நினைத்தேன். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைக்கு வலை மாட்டுகிற நினைப்போடு நின்றேன். மணியம் அங்கிள் பக்கத்தில் வந்தார். பிள்ளைகள் ஏன் அப்படியே நின்றார்கள் என்று கேட்டார். சொன்னேன். குடையைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "அந்தக் கை தூக்கற ஆட்டம் நல்லா இருக்கு. அடுத்த சீசனுக்கும் நீங்கதான் கோச். ஆனா இனிமே கத்த மட்டும் கத்தாதீங்க."

ஸ்ட்ரைக்கராக எத்தனையோ கோல் போட்டிருக்கிறேன், ஆனால் வாயாலேயே ஒரு கோல் போட்டது, அதுவும் எதிர் டீமுக்குப் போட்டது, கோச்சான பிறகுதான்.