மயிலாப்பூர் டெக்னோ

நமக்குப் பிடிச்ச பாட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, ஊருக்குப் பிடிச்ச பாட்டைப் போடறதுக்குப் பேர்தான் டி.ஜே. வேலை. தொண்ணூறுகள்ல இதுல மாட்டிக்கிட்டு முழிச்சவங்களுக்கு நான் சொல்றது புரியும். எனக்குப் பிடிச்சது டெக்னோ. வரி கிடையாது, பாடகர் கிடையாது, மெஷின் தாளம் மட்டும். மயிலாப்பூர் வீட்டு மாடி ரூம்ல, ஒரு பழைய கீபோர்டுல நானே ஒண்ணு பண்ணி கேசட்டுல வச்சிருந்தேன். ஒரே ஒரு தடவை ஒரு கூட்டம் அதுக்கு ஆடிப் பார்க்கணும்னு அப்படி ஒரு ஏக்கம்.

தி.நகர் ரிசப்ஷன்

சினிமாப் பாட்டுக்கு நடுவுல நைசா என் கேசட்டைச் சொருகினேன். ரெண்டு நிமிஷம் தாங்கலை. பொண்ணோட தாய்மாமன் பந்தியிலேர்ந்து ஈரக் கையோட ஓடி வந்தார். கோவமே இல்லை, முகத்துல அவ்வளவு பரிவு.

"ஏம்ப்பா, ஸ்பீக்கர் ரிப்பேர்னா முன்னாடியே சொல்லக் கூடாதா? நாதஸ்வரக்காரங்களை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லியிருப்பேனே."

ரெண்டு வெள்ளைக்காரங்க

அடையாறு பக்கம் ஒரு ஓட்டல்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் டான்ஸ் நடக்கும். அதுக்கு ஒரு ஜெர்மன் டி.ஜே.வும் ஒரு லண்டன் டி.ஜே.வும் ரெண்டு வாரம் வந்திருந்தாங்க. நான் எடுபிடி. ரிகார்டு பேரை அடுத்தவன் பார்த்துடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் லேபிள் மேல பேப்பர் ஒட்டி வச்சிருந்தாங்க. டெக்னோன்னா எங்க நாடுதான்னு ஜெர்மன்காரர், உங்க நாட்டுல வெறும் இரும்படிக்கிற சத்தம்தான்னு லண்டன்காரர். சோறு ஆறிப்போச்சு, சண்டை ஆறலை. இப்படிச் சண்டை போட நம்ம ஊருக்கும் ஒரு பாத்தியதை இருக்கக் கூடாதான்னு எனக்கு வயிறு எரிஞ்சுது.

நானும் டெக்னோ பண்றேன்னு மெதுவா கேசட்டை நீட்டினேன். சண்டை டக்குனு நின்னுச்சு. அந்த ஒரு விஷயத்துல ரெண்டு நாடும் ஒத்துப்போச்சு. ஜெர்மன்காரர் கேசட்டை என் கையிலேயே திருப்பி வச்சு, தோளைத் தட்டினார்.

"உனக்கு எதுக்குப்பா இது? உங்ககிட்டதான் சிதார் இருக்கே."

அரை மணி நேரம்

அடுத்த ஞாயிறு ரெண்டு பேருக்கும் வயிறு கெட்டுப்போச்சு. வேற வழியில்லாம ஓட்டல் மேனேஜர் அரை மணி நேரத்துக்கு என்னைப் பாட்டுப் போடச் சொன்னார். என் கேசட்டைப் போட்டேன். நம்ப மாட்டீங்க, ஆடினாங்க. காலேஜ் பசங்க, பொண்ணுங்க, மொத்தக் கூட்டமும் ஆடுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

முடிஞ்சதும் ஒரு பையன் வேர்க்க விறுவிறுக்க வந்து, இது எந்த நாட்டு டெக்னோன்னு கேட்டான். இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். மயிலாப்பூர், நான் பண்ணதுன்னேன். அவன் முகம் சுண்டிப்போச்சு.

"சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுடு மச்சி, அதுக்காக மயிலாப்பூர்னு ரீல் விடாதே."

டெக்னோவுல ஜெர்மனிக்கு ஒரு கட்சி, லண்டனுக்கு ஒரு கட்சி இருக்கு, மயிலாப்பூர்க் கட்சியில மட்டும் இன்னிவரைக்கும் நான் ஒருத்தன்தான்.