பதினோரு நிமிஷ நிறுத்தம்

அந்த ஜங்ஷனில் எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருஷமாக ரயில் வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்வதுதான் வேலை. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் காதில் விழுகிற குரல். ஆனால் காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்தால், “எங்கேயோ கேட்ட குரலா இருக்கே” என்று யோசிப்பார்களே தவிர, ஒருவருக்கும் பிடிபடாது. அப்பா இருந்தவரை மாத்திரை எடுத்துக் கொடுக்கும் சாக்கில் நாலு வார்த்தை பேசுவாள். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தால், மறுநாள் மைக்கை இழுக்கும்வரை வாய்க்கு வேலையே இல்லை.

ஒன்றாம் பிளாட்ஃபாரத்தின் கோடியில் அவளுடைய அறை. ஒரு மேஜை, ஒரு மைக், இரண்டு டெலிபோன், பார்சல் ஆபீஸ் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். மேஜைமேல் இரண்டு புத்தகங்கள். ஒன்று ஜனங்கள் வாங்குகிற கால அட்டவணை. மற்றது ஊழியர்களுக்கு மட்டுமானது. இரண்டும் ஒத்துப்போகாது.

ஜன்னலுக்கு வந்து சண்டை பிடிப்பவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

“ஏம்மா, புத்தகத்துல ஒரு நேரம், வண்டியில வர்ற கார்டு சொல்றது ஒரு நேரம், நீங்க மைக்ல கத்தறது ஒரு நேரம். எதைத்தான் நம்பறது?” என்று ஒருவர் எகிறினார்.

“வண்டி வந்து நின்னா அதை நம்புங்க சார்” என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

விஷயம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஜனங்கள் கடைசி நிமிஷத்தில் ஓடி வந்து தொற்றக் கூடாது என்று, அவர்கள் புத்தகத்தில் கிளம்பும் நேரத்தை இரண்டு நிமிஷம் முன்னாலேயே போட்டுவிடுவார்கள். வழியில் எங்காவது தடங்கினாலும் மானம் போகாமல் இருக்க, வந்து சேரும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். அசல் கணக்கு ஊழியர் புத்தகத்தில் இருக்கும். அதையும் மீறி அன்றன்றைக்கு என்ன நடக்கிறது என்பது, வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கிற கண்ட்ரோலிலிருந்து போனில் வரும். அதைத்தான் அவள் மைக்கில் சொல்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தங்கை போன் செய்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை அவள் போன் வந்தாலே அதிகம்.

“அக்கா, வெள்ளிக்கிழமை உன் ஸ்டேஷன் வழியாத்தான் போறேன். மூணு நாப்பதுக்கு வந்து மூணு நாப்பத்தஞ்சுக்குக் கிளம்புதாம். அஞ்சு நிமிஷம் எட்டிப் பாக்கறியா?”

“வரேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்ததும் கை தானாக ஊழியர் புத்தகத்தைப் புரட்டியது. வருகை மூன்று முப்பத்தாறு. புறப்பாடு மூன்று நாற்பத்தேழு. ஐந்து அல்ல, பதினொன்று. தங்கைக்குத் தெரியாத ஆறு நிமிஷம் தன் கையில் இருப்பதை நினைத்து அவளுக்கு அன்று முழுக்க மனசு நிலைகொள்ளவில்லை.

அவளுக்கு அந்தப் பதினோரு நிமிஷமும் வேண்டியிருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “உடனே கிளம்பி வா” என்று தங்கைக்கு மூன்று தடவை சொல்லியிருந்தாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று அவள் நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் ஏறிய வண்டியும் மூன்று மணி நேரம் தாமதம். அப்பா அன்று காலையிலிருந்தே, “சின்னவ வண்டி எத்தனை மணிக்கு?” என்று கேட்டபடி இருந்தார். தாமதம் என்று தெரிந்தும் இவள், “நாலு மணிக்குப்பா” என்றாள். நாலு மணிக்கு அவர் கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். பார்த்தது பார்த்தபடியே கிடந்தார். ஐந்தரைக்கு எல்லாம் முடிந்தது. ஏழு மணிக்கு வந்து சேர்ந்த தங்கை, “அப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?” என்று அழுதபோது, இவள் வயிற்றெரிச்சலில், “ஒண்ணும் கேக்கல. நினைவே இல்ல” என்று சொல்லிவிட்டாள். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தாள். மைக்கைப் பார்த்துக்கொள்வதாக ஸ்டேஷன் மாஸ்டர் ஒப்புக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குக் கண்ட்ரோலிலிருந்து மணி அடித்தது. முந்தைய ஸ்டேஷனுக்கு அப்பால் சிக்னல் கோளாறு. இருபது நிமிடம் தாமதம் என்று தன் வாயாலேயே அறிவித்தாள். பிறகு முப்பத்தைந்து. பிறகு ஐம்பது. ஒவ்வொரு தடவையும் வருந்துகிறோம் என்றாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே வந்து தயங்கினார். “அக்கா, வண்டியை ரெண்டு நிமிஷத்துல எடுக்கச் சொல்லிட்டாங்க.”

“நம்ம புத்தகத்துல பதினொண்ணு இருக்கே சார்.”

“அது நேரத்துக்கு வந்தா. லேட்டா வர்ற வண்டி அந்த மிச்சத்தைத் தின்னுதானே ஓடிப் பிடிக்கணும்? உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாததில்லை. எத்தனையோ பேருக்கு ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் முகம் சுண்டிப்போயிற்று.

வண்டி வந்து நின்றது. தங்கை வரும் ஏழாம் பெட்டி எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சரியாக அங்கேயே போய் நின்றாள். தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள்.

“இறங்காதே, இறங்காதே! இப்பவே எடுத்துடுவான்.”

“என்னக்கா இது, அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கானே! உனக்காக மேல் பெர்த்துலேருந்து இறங்கி அரை மணியா வாசல்லயே நிக்கறேன். முழங்கால் விட்டுப்போச்சு. ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட? சாப்பிடறியா இல்லையா?”

“சாப்பிடறேன். உன் காலுக்கு டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டினேன், காட்டினேன். எக்ஸ்ரே எடுத்தாங்க. அதை விடு, பெரியவனுக்கு வேலை கிடைச்சிருக்கு தெரியுமா?”

“குட்டி, அப்பா அன்னிக்கு…” என்று ஆரம்பித்தாள். பச்சைக்கொடி அசைந்தது. “உள்ளே தள்ளி நில்லு!” என்றுதான் அவளால் கத்த முடிந்தது. கூடவே நாலு எட்டு நடந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

அறைக்கு வந்து, ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து மைக்கை வாங்கி, அடுத்த பாசஞ்சர் வண்டியை அறிவித்தாள். குரல் பிசிறவில்லை. அரை மணி கழித்துத் தங்கையின் போன். “ஏதோ சொல்ல வந்தியே, என்ன?”

மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். “அப்பா கேட்டார். அன்னிக்கு முழுக்க உன்னைத்தான் கேட்டார். உன் வண்டி எப்போன்னு. நான்தான் பொய் சொல்லிட்டேன்.”

சக்கரச் சத்தத்துக்கு நடுவே தங்கையின் குரல் வந்தது.

“ரெண்டு வருஷமா, அக்கா?”

இணைப்பு அறுந்தது. சிக்னல் போயிற்றா, அவளே வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. திரும்பப் போட்டுப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையே கூப்பிட்டாள். முழங்காலைப் பற்றி, மகனின் புது ஆபீஸைப் பற்றிப் பேசினாள். அதிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். சில நாள் மூன்று நிமிஷம், சில நாள் பத்து. அப்பா பேச்சை எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை, வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, “அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தார்?” என்று கேட்டாள்.

“ஆஸ்பத்திரிச் சட்டைதான். பச்சைக் கலர். கை நீளமா இருந்துதுன்னு மடிச்சு விட்டிருந்தேன்.”

“ம்” என்றாள் தங்கை. போனை வைக்கவில்லை.