லீவு நாளில் மாத்திரை இல்லை

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சண்டை. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பட்டாசுப் பெட்டிகளின் மேல் மார்க்கர் பேனாவால் அவை போகிற ஊர்ப் பெயர் மட்டும்தான். லாரியில் லோடு ஏற்றுகிறவனுக்கு அது போதும். ஆனால் ஒரு மாத்திரை அட்டை கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மாத்திரைகள் கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளை நிறம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மதினி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நான் சொன்ன ஒரு நையாண்டிக்கு.

என் அண்ணனைக் கட்டி மதினி தாயில்பட்டிக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. கொழுந்தன் மதினியைக் கேலி செய்யலாம் என்று எங்கள் பக்கத்தில் ஊரே உரிமை கொடுத்திருக்கிறது. நான் அந்த உரிமையில் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை. மதினியும் சளைத்தவர் இல்லை. "கொழுந்தனாரே, ஒங்க மூஞ்சிக்கு ஒரு திரி வச்சா நல்லா வெடிக்கும்" என்பார். அவருக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதய வால்வைக் கெடுத்துவிட்டது என்பது கல்யாணமாகிச் சில வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். நெஞ்சுக்குள் கோழி படபடவென்று சிறகடிப்பது போல இருக்கிறது என்பார். அண்ணன் சிவகாசியில் பிரஸ் வேலை. அதனால் விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு மதினியைக் கூட்டிப்போனது நான்.

அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையானவர். இதயம் தாளம் தப்பி ஓடுகிறது, இந்த மாத்திரை அதை நிதானத்துக்குக் கொண்டுவரும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி விரலை நீட்டிச் சொன்னார். "நல்லாக் கேளுப்பா. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தினம் ஒண்ணு. சனி, ஞாயிறு கிடையாது. இது கொஞ்சம் கூடிப்போனாலும் விஷம். போடுறதுக்கு முன்னாடி நாடியை முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். அறுபதுக்குக் கீழே இருந்தா போடாம நேரா இங்க வரணும். வாந்தி வந்தாலும், கண்ணுல மஞ்சளாத் தெரிஞ்சாலும் வரணும். மாசம் ஒருக்கா ரத்தம் பார்க்கணும்." நானும் தலையைத் தலையை ஆட்டினேன்.

வெளியே வந்ததும் மதினி, "என்ன தம்பி சொன்னாக? எனக்குப் பாதி மண்டையில ஏறலை" என்றார். அது தை மாதம். தீபாவளிக்கு அப்புறம் ஆர்டர் குறைந்து, மதினி போன பட்டாசுக் கம்பெனியில் சனியும் ஞாயிறும் வேலை இல்லாத காலம். நான் பெரிய மேதாவி மாதிரி, "ரொம்பச் சுலபம் மதினி. நீங்க வேலைக்குப் போற நாள் மாத்திரையும் வேலைக்குப் போகும். ஒங்களுக்கு லீவுன்னா மாத்திரைக்கும் லீவு" என்றேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. "இம்புட்டுதானா? இதுக்கு அந்தம்மா விரலை அம்புட்டு நீட்டுனாகளே" என்றார். பஸ் வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எங்கள் ஊரில் கிழமையைக் காலண்டரில் பார்ப்பவர்கள் குறைவு. காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தால் வேலை நாள். அடிக்காவிட்டால் ஞாயிறு. ஆனி மாதம் சனிக்கிழமையும் ஹாரன் அடித்தது. ஆடி பாதியில் ஞாயிறும் அடித்தது. சீசன் வந்துவிட்டால் வேன் டிரைவருக்கே கிழமை மறந்துபோகும். மதினி வேனில் ஏறுமுன் தவறாமல் ஒரு மாத்திரை விழுங்கினார். முதல் இரண்டு மாதம் அவர் நாடியை நான்தான் எண்ணினேன். பிறகு நான் எழும்புவதற்கு முன்பே வேன் வந்தது. எண்ணுவதை விட்டேன். மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் லீவு கேட்டதற்குக் கம்பெனிப் போர்மேன், "தீபாவளி முடிஞ்சு மொத்தமா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். நெஞ்சுக் கோளாறு என்று தெரிந்தால் வேலைக்கே வேண்டாம் என்பார்கள். மதினி வாயைத் திறக்கவில்லை.

ஆவணியில் வாந்தி ஆரம்பித்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. கல்யாணமாகி ஐந்து வருடமாகப் பிள்ளை இல்லாத வீட்டில் மருமகள் வாந்தி எடுத்தால் மாமியார் வேறு என்ன நினைப்பாள்? என் அம்மா ஒரே நாளில் ஆளே மாறிவிட்டாள். மதினிக்கு முட்டை அவித்துக் கொடுத்தாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று நான் கேட்டதற்கு என் வாயைப் பொத்தினாள். "மூணு மாசம் முடியட்டும்லே. அதுக்குள்ள ஊருக்கெல்லாம் தமுக்கடிக்காத. கண்ணு பட்டுரும்." டாக்டரம்மா வாந்தி என்று சொன்னது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. நானும் சித்தப்பா ஆகப்போகிற மிதப்பில் திரிந்தேன்.

ஒரு சாயங்காலம் மதினி வேனிலிருந்து இறங்கி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, லைட்டைச் சுத்தி மஞ்சளா வளையம் தெரியுது" என்றார். நான், "நாள் பூரா கந்தகத்துல கெடந்துட்டு வந்தா பச்சையாவா தெரியும்?" என்று கேட்டேன். சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மாவின் நீட்டிய விரல் எனக்கு முன்னால் வந்து நின்றது. மதினியின் கையைப் பிடித்தேன். முழு நிமிடம் எண்ணினேன். நாற்பத்தொன்று. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு ஆள் தெருவைக் கடந்துவிடலாம் போல இருந்தது. அப்போதுதான் கடைசியாக எப்போது லீவு விட்டார்கள் என்று யோசித்தேன். ஆடி பாதியிலிருந்து ஒரு நாள்கூட இல்லை.

தெருக்காரர் ஒருவரின் காரில் போனோம். அம்மா முன்சீட்டில். பின்சீட்டில் மதினி என் தோளில் சாய்ந்துகொண்டு, காதோரம் மெதுவாகச் சொன்னார். "பிள்ளையெல்லாம் இல்ல தம்பி. எனக்குத் தெரியும். சொன்னா அத்தை முட்டையை நிறுத்திருவாக." அந்த நேரத்திலும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்க் கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்று இருந்தது.

போன் போட்டுச் சொன்னதில் அண்ணன் பிரஸ்ஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். கையெல்லாம் மை. அம்மாவும் நின்றாள். டாக்டரம்மா இதயத் துடிப்பின் பேப்பரைப் பார்த்துவிட்டு, "மாத்திரையை எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டார்.

"தினமும் போட்டேன்ம்மா."

"ஞாயித்துக்கிழமையுமா? யார் போடச் சொன்னது?"

மதினி என்னைப் பார்த்தார். அண்ணன் கோபம் வந்தால் கை நீட்டிவிடுவான் என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். நான் சொல்ல வாயெடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடுக்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரும் சொல்லலைம்மா. நானாத்தான் போட்டேன்" என்றார் மதினி.

அந்த மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். வாந்தியாலும், கூடவே நீர் பிரியக் கொடுத்திருந்த வேறொரு மாத்திரையாலும் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, அது விஷத்தை இன்னும் ஏற்றிவிட்டது என்றார் டாக்டரம்மா. "பொட்டாசியமா? கம்பெனியில மூட்டை மூட்டையாக் கெடக்கே தாயி" என்றாள் அம்மா. ஐந்து நாள் நெஞ்சில் வயரோடு மதினி படுத்திருந்தார். பக்கத்தில் ஒரு மெஷின் துடிப்புக்குத் துடிப்பு சத்தம் போட்டது. ஒரு சத்தம் கேட்டதும் அடுத்தது வருமா என்று என் மூச்சு நின்றுவிடும். வந்ததும் போகும். ஐந்து நாளும் அந்தச் சின்ன இடைவெளிகளுக்குள்தான் குடியிருந்தேன். மூன்றாம் நாள் யாரும் இல்லாதபோது, "மதினி, நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறக்காமல், "ஏதாவது சிரிக்கிற மாதிரி சொல்லுங்க தம்பி" என்றார். அன்றைக்கு எனக்கு ஒன்றுகூடத் தோன்றவில்லை.

மதினி பிழைத்தார். ரத்தம் பார்த்து அளவைக் குறைத்து மறுபடி மாத்திரை கொடுத்தார்கள். இப்போது அவரே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணுகிறார். காலண்டரில் சனி, ஞாயிறுகளைச் சிவப்புப் பேனாவால் அடித்து வைத்திருக்கிறார். என்னிடம் எதையும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியிலேயே நான் உண்மையைச் சொல்லி முடித்துவைத்திருக்க வேண்டிய பேச்சு அங்கே முடியாமல் வீட்டுக்கு வந்தது. பேரன் இல்லை என்ற ஆத்திரத்தில் அம்மா, "மாத்திரையைப் பொரிகடலையா நெனச்சுத் தின்னவ" என்று ஆரம்பித்தாள். அது பட்டப்பெயராகிவிட்டது. மதினிக்கு எங்கள் சொந்தத்தில் இப்போது பொரிகடலை என்றுதான் பேர். அந்தக் கதையை என்னைவிட நன்றாக நடித்துக் காட்ட ஆள் கிடையாது. மதினி மாதிரி முழி முழித்து, கைநிறைய மாத்திரையை வாயில் போட்டு, மென்று, ஏப்பம் விட்டு. நடிக்காவிட்டால் ஏன் நடிக்கவில்லை என்று கேட்பார்களோ என்ற பயம் முதலில். பிறகு பழக்கம். அண்ணனும் மதினியும் எங்கள் தெருவிலேயே தனிக்குடித்தனம் போய் இரண்டு வருடமாகிறது. இன்றும் விசேஷ வீடுகளில் என்னை இழுத்து நடுவில் நிறுத்துகிறார்கள்.

போன வாரம் ஏழாயிரம்பண்ணையில் ஒரு காதுகுத்து. வழக்கம்போல நடித்தேன். பந்தியே உருண்டு சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்ற மதினியும் சிரித்தார். எனக்குப் பேசி முடித்திருக்கும் பெண் அவரைப் பார்த்து, "நெசமாவாக்கா? இம்புட்டு வெவரம் தெரியாமயா இருந்தீக?" என்று கேட்டாள். மதினி, "ஆமாத்தா, அப்ப எனக்கு வெவரம் பத்தாது" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதினேன். எழுதினால் நெஞ்சு லேசாகும் என்று யாரோ சொன்னார்கள். ஆகவில்லை. நேற்று குடோனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், என்னோடு லோடு ஏற்றும் கூட்டாளிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவன் பெட்டிமேல் மல்லாந்து படுத்தபடி கடைசிவரை கேட்டான்.

"ஏலே, இதை எதுக்கு எங்கிட்ட வாசிக்க, மதினி வீடு நாலு வீடு தள்ளித்தான இருக்கு?" என்றான்.